மேடான் – பெராஸ்தாகி – டோபா ஒரு நாள் கார்: ஓட்டுநருக்கு ஐந்து, அலுவலகத்துக்கு இரண்டு

ஐந்துக்கு மூன்றரை கொடுத்திருக்கிறேன். ஓட்டுநருக்கு ஐந்து, அவரை அனுப்பிய அலுவலகத்துக்கு இரண்டு, கூட்டி இரண்டால் வகுத்தால் மூன்றரை. இருபத்திரண்டு வருடமாகக் கணக்கெழுதும் வேலை, வேறெப்படிப் போடுவேன்?

பினாங்கிலிருந்து மேடானுக்கு விமானம் ஒரு மணி நேரம்தான். மேடான் இருக்கிற இந்தோனேசியாவின் சுமத்ராவில் கடிகாரம் மலேசியாவுக்கு ஒரு மணி நேரம் பின்னால் என்பதால் ஏறின நேரத்துக்கே இறங்குகிற மாதிரி இருக்கும். மலேசியக் கடப்பிதழ் இருந்தால் விசாவும் வேண்டாம். அதனால்தான் வெள்ளிக்கிழமை மாலை கிளம்பி ஞாயிறு திரும்புவதாகத் திட்டம் போட்டோம். நான், கணவர், பதினான்கு வயது மகன், எழுபத்திரண்டு வயது அம்மா. நடுவில் இருக்கிற சனிக்கிழமைக்கு இந்தக் கார்.

"ஒரே நாளில் ஏரி, அருவி, எரிமலை" என்றுதான் விளம்பரம். கார், பெட்ரோல், ஓட்டுநர், நுழைவுக் கட்டணம் எல்லாம் சேர்த்து பத்து லட்சம் ரூபியா. தொகையைக் கேட்டதும் அம்மா நெஞ்சில் கை வைத்தார். நம் காசுக்கு 280 ரிங்கிட் சொச்சம்தான் என்று சொன்ன பிறகே மூச்சு விட்டார். நான்கு பேருக்கு அது நியாயமான விலை. விலையில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

குறை அவர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பிய பட்டியலில். சிபாயாக் எரிமலை வாய், வெந்நீர் ஊற்று, குண்டாலிங் குன்று, பழச்சந்தை, பர்மாக் கோயில் மாதிரியில் கட்டிய தங்கப் பகோடா, அந்த மலைநாட்டுக் கரோ மக்களின் பழைய வீடுகள், சிபிசோ-பிசோ அருவி, டோபா ஏரி, கடைசியாகக் கடைத்தெரு. காலை ஆறு மணிக்குக் கிளம்பி மாலை ஆறுக்குத் திரும்பலாமாம். மேடானிலிருந்து பெராஸ்தாகி 66 கிலோமீட்டர், ஒன்றரை மணி நேரம் என்று எழுதியிருந்தார்கள். நம்மூர் நெடுஞ்சாலைக் கணக்கில் நானும் நம்பிவிட்டேன். இது நெடுஞ்சாலை இல்லை. வரி கட்டிப் பறக்கிற சாலை எதுவும் அந்தப் பக்கம் கிடையாது. ஒரே ஒரு மலைப்பாதை, போக ஒன்று வர ஒன்று. அதில் முட்டைக்கோஸ் லாரி, சுற்றுலாப் பேருந்து, கூரை மேல் ஆட்கள் உட்கார்ந்த சிற்றுந்து, சனிக்கிழமை என்றால் குளிர்காற்று வாங்கக் கிளம்பிய மேடான் நகரமே. எங்களுக்கு மூன்றே கால் மணி நேரம் ஆனது.

ஓட்டுநர் ஆறு மணிக்கு வரவேண்டியவர் ஐந்து நாற்பதுக்கே விடுதி வாசலில் நின்றார். ஐம்பது வயது இருக்கும். நல்ல கறுப்பு, வெள்ளைச் சட்டை. வண்டி பழைய இன்னோவா, ஆனால் துடைத்து வைத்த பாத்திரம் மாதிரி இருந்தது. கண்ணாடியில் தொங்கும் அந்த வாசனை அட்டை இல்லை. அதற்கே ஒரு மதிப்பெண். தன்னை "பாங்" என்று கூப்பிடச் சொன்னார், அண்ணன் என்று அர்த்தம். என்னைக் "காக்" என்றார், அக்கா. நாள் முழுக்க அவர் "காக், காக்" என்று கூப்பிட, என் மகன் பின்னால் உட்கார்ந்து காக்காய் மாதிரி பதில் கொடுத்துக்கொண்டே வந்தான்.

மலாய் தெரியும், இந்தோனேசியாவில் பேச்சுக்குக் கஷ்டம் இருக்காது என்று போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. சிபோலாங்கித் தாண்டி வளைவுகள் தொடங்கியபோது அம்மா கழிவறைக்குப் போகணும் என்றார். சற்று முன்னால் ஒரு கடையைத் தாண்டி வந்திருந்தோம். நான் "பூசிங், பாங்" என்றேன், நம்மூரில் வண்டியைத் திருப்பச் சொல்கிற மாதிரி. அவர் கண்ணாடியில் என்னை ஒரு பார்வை பார்த்து, ஓரமாக நிறுத்தி, பிளாஸ்டிக் பை ஒன்றும் காயு பூத்தே எண்ணெய்ப் புட்டியும் எடுத்து நீட்டினார். அங்கே பூசிங் என்றால் தலைசுற்றல். இன்னொரு இடத்தில் மகன் வண்டி நிறுத்துவது "பெர்ச்சுமா"வா, அதாவது இலவசமா, என்று கேட்க, சீட்டுக் கிழிக்கிற பையனின் முகம் விழுந்துவிட்டது. இந்தோனேசியனில் அதற்கு 'வீண்' என்று பொருளாம். பாங்தான் சமாதானம் செய்து வைத்தார்.

மேலே ஏறி முடிக்கிற இடத்தில், பள்ளத்தாக்கைப் பார்த்த மாதிரி வரிசையாகச் சோளக்கடைகள். பெனாத்தாப்பான் என்கிறார்கள். பசியாறல் அங்கேதான். கரியில் வாட்டிய சோளம், மிளகாயும் வெண்ணெயும் தடவியது. கூடவே பண்ட்ரெக், இஞ்சியும் பனைவெல்லமும் போட்டுக் காய்ச்சிய பானம். "சுக்குத்தண்ணி" என்று அம்மா ஒரே வாயில் பெயர் வைத்துவிட்டு இரண்டு கிளாஸ் குடித்தார். பட்டியலில் இந்த இடமே இல்லை. பாங் தானாக நிறுத்தியது.

பெராஸ்தாகி கடல்மட்டத்திலிருந்து 1,300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கேமரன் மலை போலக் காய்கறித் தோட்டங்கள், குளிர். ஒரு பக்கம் சிபாயாக், இன்னொரு பக்கம் சினாபுங். இரண்டுமே உயிருள்ள எரிமலைகள். இங்கேதான் பட்டியல் பல்லிளித்தது. சிபாயாக்கின் வாய்வரை போகலாம் என்பது உண்மைதான், ஆனால் நடந்துதான் போகவேண்டும், கடைசியில் ஏற்றம். விடியுமுன் ஏறத் தொடங்குவதுதான் வழக்கம். ஒன்பதேகாலுக்கு, முட்டிவலி அம்மாவை வைத்துக்கொண்டு, அன்றே டோபாவும் பார்க்கவேண்டும் என்றால் நடக்காது. மகன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். வேறு ஓட்டுநராக இருந்தால் "நேரமாகிவிட்டது" என்று ஏதாவது சமாளித்திருப்பார். இவர் வண்டியை நிறுத்தி, பட்டியலை என் கையிலிருந்து வாங்கி, ஒவ்வொன்றாக விரல் வைத்துச் சொன்னார்: இது முடியாது, இது முடியும், இது பார்க்கத் தேவையில்லை, இதை அலுவலகத்தில் எழுதினவர் வந்தே பார்த்ததில்லை. ஒன்பதில் நான்கு மிஞ்சியது. அந்த ஐந்து நிமிடத்துக்காகத்தான் அவருக்கு முழு மதிப்பெண்.

மலை ஏறுவதற்குப் பதிலாக சிபாயாக்கின் அடிவாரத்தில் இருக்கும் வெந்நீர்க் குளங்களுக்குக் கூட்டிப்போனார். சிடெபுக்-டெபுக் என்று இடத்தின் பெயர். மேலே மலைச்சரிவில் புகை தெரிகிறது. பூமிச்சூட்டில் மின்சாரம் எடுக்கிற நிலையத்தின் குழாய்கள் போகின்றன. தண்ணீர் பச்சையும் பாலும் கலந்த நிறம், அழுகின முட்டை வாடை. முதல் ஐந்து நிமிடம் மூக்கைப் பிடித்துக்கொண்டு நின்ற அம்மா, காலை விட்ட பிறகு எழுந்திருக்க மறுத்துவிட்டார்.

இறங்குமுன் பாங் என்னிடம் "பேராக், காக், பேராக்" என்றார். நான் தைப்பிங்கில் பிறந்தவள். அந்த வார்த்தையைக் கேட்டால் முதலில் மாநிலம்தான் ஞாபகம் வரும். "ஆமாம், பேராக்தான்" என்று பெருமையாகத் தலையாட்டிவிட்டு இறங்கிவிட்டேன். அவர் சொன்னது வெள்ளியை. வெள்ளி இருந்தால் கழற்றச் சொல்லியிருக்கிறார். இருபது நிமிடம் கழித்துக் காலை வெளியே எடுத்தால் மெட்டி இரண்டும் கருங்கல் நிறம். முதலில் ஓரத்தில் செம்பு மாதிரி ஒரு பழுப்பு, நடுவில் நீலம் ஓடின கறுப்பு. கந்தகம் வெள்ளியைத் தின்கிற வேலை. அன்றிரவு பற்பசை போட்டுத் தேய்த்ததில் வலது கால் மெட்டி வெளுத்தது. இடது காலுடையதில் அந்தப் பூவேலைப்பாட்டின் இடுக்கில் இன்னும் கறுப்பு நிற்கிறது. கொலுசு போட்டவர்கள், வெள்ளி அரைஞாண் கட்டின குழந்தைகள் உள்ளவர்கள் கவனம்.

சினாபுங்கைத் தூரத்திலிருந்துதான் பார்த்தோம். 2,460 மீட்டர், உச்சியிலிருந்து ஒரு பக்கம் சுரண்டி எடுத்தமாதிரி சாம்பல் நிறச் சரிவு. நூற்றாண்டுக்கணக்கில் சும்மா கிடந்த மலை, 2010-இல் விழித்துக்கொண்டது. 2013-க்குப் பிறகு வருடக்கணக்கில் வெடித்தது. 2014-லும் 2016-லும் ஆட்கள் செத்தார்கள். பாங்கின் மனைவி வீட்டார் அந்த அடிவாரத்து ஊர்க்காரர்கள். ஊரே காலி. இப்போது அருவிக்குப் பக்கத்து ஊரான மேரெக் போகும் வழியில் மேட்டின்மேல் சியோசார் என்ற புதுக் குடியிருப்பில் இருக்கிறார்கள். போகிற வழியில் அந்தப் பக்கம் கைகாட்டினார். "வீடு புதுசு, குளிர்தான் தாங்கவில்லை என்கிறார் மாமியார்" என்றதோடு சரி. பரிதாபம் தேடுகிற பேச்சு இல்லை. அலுவலகத்துப் பட்டியலில் இந்த மலையை "படம் எடுக்க அருமையான இடம்" என்று போட்டிருந்தது.

சாப்பாட்டுக்கு வருகிறேன். அம்மா சனிக்கிழமை சைவம். கரோ மலைநாட்டில் சைவச் சாப்பாடு தேடுவது லேசுப்பட்ட காரியம் இல்லை. பெரும்பாலும் கிறிஸ்தவர்கள். தடுக்கி விழுந்தால் பன்றி வறுவல் கடை. பலகையில் பி2 என்று இருந்தால் பன்றி. பி1 என்று இருந்தால் நாய். இதை நான் பாங்கிடம் தனியாகக் கேட்டுத் தெரிந்துகொண்டேன், அம்மாவிடம் இன்றுவரை சொல்லவில்லை. எங்களை ஒரு சின்ன முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில் விட்டார். சோறு, வாழைக்காய்ப் பருமனில் வெட்டிய தெம்பே (புளிக்கவைத்த சோயா) பொரியல், பலாக்காய்க் குழம்பு. குழம்பில் நெத்திலி இருக்கிறதா என்று அவரே அடுப்படிக்குப் போய்க் கேட்டு வந்து சொன்னார்.

அங்கிருந்து மேரெக் போகிற முக்கால் மணி நேரம்தான் இந்தப் பயணத்தின் சாரம் என்பேன். வெளியே ஆரஞ்சுத் தோட்டமும் கிறிஸ்தவக் கல்லறைகளும் மாறிமாறி வந்தன. அம்மா சும்மா இருக்காமல், "அவர் நம்மாள் மாதிரியே இருக்காரே, என்ன ஆளுன்னு கேளு" என்றார். நான் நாசூக்காகக் கேட்டேன். குலப்பெயர் செம்பிரிங் என்றார். கரோ மொழியில் ம்பிரிங் என்றால் கறுப்பு. "அதில் உட்பிரிவு நிறைய உண்டு காக். நான் மெலியாலா. என் தங்கை வீட்டுக்காரர் வேறு குலம். எங்களில் சோழியா உண்டு, பாண்டியா உண்டு, பெலாவி உண்டு, பிராமணா உண்டு."

காரில் ஒரு நிமிடம் யாரும் பேசவில்லை. கணவர்தான், "சோழியாவா!" என்று முன்னால் குனிந்தார்.

சுமத்ராவின் மேற்குக் கரையில் பாருஸ் பக்கம் லோபு துவா என்ற இடத்தில் கி.பி. 1088-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு கிடைத்தது பற்றிக் கணவர் எங்கோ படித்திருக்கிறார். ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழு வெட்டிவைத்தது. கற்பூரத்துக்காகப் போனவர்கள். அவர்களில் சிலர் மலையேறி வந்து கலந்ததால்தான் இந்தப் பெயர்கள் என்று சொல்கிறவர்கள் உண்டு. பாங் அதை ஆமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. "என் தாத்தா அப்படித்தான் சொல்வார்" என்றார். முன்காலத்தில் செம்பிரிங்காரர்கள் இறந்தவரை எரித்துச் சாம்பலைச் சின்னப் படகில் வைத்து ஆற்றில் விடுவார்களாம். கடலுக்குப் போய்ச் சேரட்டும் என்று.

அதற்குப் பிறகு அம்மாவின் கையில் மாட்டிக்கொண்டார். நான் மொழிபெயர்ப்பாளர். அம்மாவின் சகோதரனை எப்படிக் கூப்பிடுவீர்கள்? "மாமா." அவர் மனைவியை? "மாமி." அம்மா இருக்கையில் நிமிர்ந்து உட்கார்ந்தார். மாமன் மகளைக் கட்டுவீர்களா? "அதுதான் இம்பால். கட்டினால் வீட்டில் சந்தோஷப்படுவார்கள்." நீங்கள் கட்டினீர்களா? பாங் சிரித்துவிட்டு, "நான் மாமா மகளைக் கேட்டேன் நினி, அவள் மாட்டேன் என்றுவிட்டாள்" என்றார். நினி என்றால் பாட்டி. அம்மாவுக்கு அந்தப் பெயர் பிடித்துப்போனது. அந்தக் கணத்திலிருந்து எங்கள் மூவருக்கும் காரில் மரியாதை குறைந்துவிட்டது; பாங் பாங் என்று அவரோடுதான் பேச்சு.

சிபிசோ-பிசோ அருவி. பிசோ என்றால் கத்தி, நாம் பீசாவ் என்கிறோமே அதேதான். 120 மீட்டர். குற்றாலம் மாதிரி பாறையில் வழிந்து வருகிற அருவி இல்லை இது. நிலத்துக்கடியில் ஓடிவருகிற ஆறு, செங்குத்துப் பாறைச் சுவரில் ஒரு பொந்து வழியாக வெளியே வந்து ஒரே குதி. நடுவில் எங்கும் படாமல் நேரே கீழே. மேலே பார்வை மேடையிலிருந்தே முழுசும் தெரியும் என்பது வயதானவர்களுக்கு வசதி. கணவரும் மகனும் கீழே இறங்கினார்கள். மகன் படிகளை எண்ணிக்கொண்டே போய் நானூற்று சொச்சத்தில் விட்டுவிட்டானாம். திரும்பி வருகையில் இரண்டு பேரும் நனைந்த கோழி மாதிரி இருந்தார்கள், கணவருக்குப் பேச்சு வரவில்லை. படிகள் சில இடங்களில் உடைந்திருக்கின்றன, கைப்பிடி எல்லா இடத்திலும் இல்லை. செருப்போடு இறங்காதீர்கள். மேலே கடைகளில் ஒரே மாதிரிச் சட்டைகள், ஒரே மாதிரி மரப்பல்லிகள். விலை கேட்டால் விடமாட்டார்கள்.

அந்த மேடையிலிருந்தே டோபாவின் வடமுனையும் தெரியும். பிறகு கீழே தோங்கிங் ஊர் வரை காரிலேயே இறங்கினோம். ஏரி என்கிறார்கள், எனக்கு அது கடல்தான். 100 கிலோமீட்டர் நீளம், 30 கிலோமீட்டர் அகலம், ஆழம் ஏறக்குறைய 500 மீட்டர். நடுவில் இருக்கிற சாமோசிர் தீவு கிட்டத்தட்ட சிங்கப்பூர் அளவு. நாங்கள் பார்த்தது ஒரு மூலைதான். கரையில் மீன் வளர்க்கிற கூண்டுகள், வெங்காயத் தோட்டம், ஒரு பள்ளிக்கூடம். ஆரவாரம் இல்லை. பெரும்பாலான கூட்டம் போவது கிழக்குக் கரையில் பாராப்பாத்துக்கு. தீவுக்குப் பெரும்பாலான படகுகள் அங்கிருந்துதான். தீவு பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு இந்த வழி உதவாது.

மகன் இன்னும் எரிமலை பார்க்கவில்லை என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தான். பாங் கரையில் நின்று, சுற்றியிருந்த மலைச்சுவரைக் கையால் ஒரு வட்டம் காட்டி, "நீ நிற்பது எங்கே என்று நினைக்கிறாய்?" என்றார். எங்கள் எதிரே கிடந்த தண்ணீர் முழுவதும் எரிமலையின் வாய்தான். 74,000 வருடங்களுக்கு முன் வெடித்து, உள்ளே சரிந்து, மழைநீர் நிறைந்து ஏரியானது. அருவி குதிக்கிற பாறைச் சுவர் அந்த வாயின் விளிம்பு. அந்தச் சாம்பல் ஆந்திராவில் நந்தியால் மாவட்டத்து ஜ்வாலாபுரம் வரை போய்ப் படிந்திருக்கிறது. எங்கள் பேராக்கில் லெங்கோங் பள்ளத்தாக்கில், கல்லாயுதம் செய்த கோத்தா தம்பான் பட்டறையின் மேலும் அதே சாம்பல்தான். மகன் பள்ளிக்கூடத்திலிருந்து லெங்கோங் அருங்காட்சியகம் போய் வந்தவன். "அந்த வெள்ளை மண்ணா?" என்று கேட்டவன், அதற்குப் பிறகு முணுமுணுக்கவில்லை. கைப்பேசியில் படம்கூட எடுக்காமல் கொஞ்ச நேரம் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

கணவர் அங்கே மீன் சாப்பிட்டார். ஆர்சிக் என்று மஞ்சள் போட்ட கெண்டைமீன் குழம்பு. அதில் அந்தாலிமான் என்ற சின்னப் பச்சை மிளகு. ஒன்று கடித்தால் நாக்கு மரத்து, பல் டாக்டரிடம் ஊசி போட்டமாதிரி இருக்கும். நான் ஒரு வாய் பார்த்தேன். போதும்.

இனி அலுவலகத்தின் இரண்டு மதிப்பெண்ணுக்குக் காரணம். நுழைவுக் கட்டணம் சேர்த்தி என்றவர்கள், வெந்நீர்க் குளத்திலும் அருவியிலும் நாங்களே கட்டவேண்டியதாயிற்று. சொற்பக் காசுதான், ஆனால் எழுதிக்கொடுத்த வார்த்தை வார்த்தைதானே. பாங் தன் பையிலிருந்து கொடுக்கப் பார்த்தார், நான் விடவில்லை. பிறகு திரும்பும் வழியில் ஒரு பலகாரக் கடையில் கட்டாயம் நிறுத்தச் சொல்லி அவருக்குத் தொலைபேசி. ஏற்கெனவே மணி ஆறரை. நான் வாங்கிப் பேசி மறுத்துவிட்டேன். மறுநாள் காலையில் ஐந்து நட்சத்திரம் போடச் சொல்லி அலுவலகத்திலிருந்து மூன்று முறை செய்தி வந்தது. கட்டணத்தைப் பற்றிக் கேட்டதற்கு ஒரு முறைகூட பதில் இல்லை. விடுதிக்கு வந்து சேர்ந்தபோது இரவு ஒன்பதரை. பாங் அதற்குமேல் ஒரு காசு கேட்கவில்லை. நாங்களாக ஒரு லட்சம் ரூபியா கொடுத்ததை இரண்டு கையாலும் வாங்கி "பூஜூர்" என்றார், கரோ மொழியில் நன்றி.

போகிறவர்களுக்கு: மேடானில் தங்காதீர்கள். முதல்நாளே பெராஸ்தாகி போய்விடுங்கள். அங்கே தங்கினால் விடியற்காலை சிபாயாக் ஏறி, மத்தியானம் அருவியும் ஏரியும் நிதானமாகப் பார்க்கலாம். மழைக்காலத்தில் அந்த மலைப்பாதையை நம்பாதீர்கள். 2024 நவம்பரில் மண்சரிந்து அதே சாலையில் உயிர் போயிருக்கிறது. சனிக்கிழமை காலை ஏறுவதும் ஞாயிறு மாலை இறங்குவதும் வேண்டவே வேண்டாம். கார் பதிவு செய்யும்போது, எந்தெந்த இடம் என்று கேட்பதற்கு முன்னால், ஓட்டுநர் அந்த மலைநாட்டுக்காரரா என்று கேளுங்கள்.

பழச்சந்தையை விட்டுவிட்டேனே. திரும்பும்போது இருட்டில் பத்து நிமிடம் நின்றோம். அம்மா மார்க்கிசா (பேஷன் ஃபுரூட்) பழம் மூன்று கிலோ வாங்கினார், பாங் பேரம் பேசியதால் பாதி விலைக்கு. விடுதிக்கு வந்த பிறகுதான் அனுமதிச் சீட்டு இல்லாமல் பழத்தை மலேசியாவுக்குள் கொண்டுபோக முடியாது என்று கணவர் சொன்னார். அதனால் இரவு பதினோரு மணிக்கு நான்கு பேரும் கட்டில்மேல் பழைய செய்தித்தாளை விரித்து உட்கார்ந்து, தேநீர்த் தட்டில் இருந்த இரண்டே கரண்டியை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு, விடுதிச் சர்க்கரைப் பொட்டலத்தை உடைத்துத் தூவி, மூன்று கிலோவையும் தின்று தீர்த்தோம்.